பாட்டன் பிறந்த ஊர்

“எந்த ஊர் உங்களுக்கு?” என்று கேட்காமல் நம் பக்கத்தில் இரண்டு மனிதர்கள் ஐந்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்திருக்க முடியாது. ரயிலில் எதிர்ப் பலகையில் இருப்பவர் கேட்பார். டாக்டர் வீட்டு வாசலில் காத்திருப்பவர் கேட்பார். ஊரைச் சொன்னால் போதாது. “அது இப்போது இருக்கிற ஊர், சொந்த ஊர் எது?” என்பார். அதையும் சொன்னால், “அங்கே யார் வீடு?” என்பார். அதற்கு மேலும் அவர் கேட்க விரும்புகிற கேள்வி ஒன்று உண்டு. நாகரிகம் கருதி அதை மட்டும் கேட்க மாட்டார். ஆனால் சுற்றி வளைத்துப் பதிலைத் தெரிந்துகொண்டுவிடுவார்.

இந்தக் கேள்வியை நான் பிறரிடம் நூறு தடவை கேட்டிருக்கிறேன். பிறர் என்னிடம் ஆயிரம் தடவை கேட்டிருக்கிறார்கள். இதில் நியாயம், அநியாயம் என்று யோசிக்க ஏதாவது இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்படித் தோன்ற வைத்தது கடல் கடந்த ஒரு நாட்டின் விமான நிலையம். எந்த நாடு என்பதைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் அந்த நாட்டின் மேல் குற்றப் பத்திரிகை வாசிப்பது போல் ஆகிவிடும். நான் சொல்லப் போகிற குற்றத்தில் பெரும் பங்கு என்னுடையது.

அங்கே வாழும் தமிழர்கள் ஓர் இலக்கியக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். கதை எழுதிப் பிழைக்கிறவனுக்கு விமானச் சீட்டு அனுப்பி அழைப்பது என்பது அவன் வாழ்வில் அடிக்கடி நடக்கிற காரியம் அல்ல. புதுப் பெட்டி வாங்கினேன். புதுச் சட்டை தைத்துக்கொண்டேன். வெளிநாடு போய்ப் பழகிய நண்பர் ஒருவர் புறப்படுவதற்கு முதல் நாள் வந்து புத்தி சொன்னார்.

“கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். கதை சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். அவர்களுக்கு அதைக் கேட்கப் பொழுது இல்லை. முக்கியமாக, இலங்கைப் பேச்சையே எடுக்காதீர்கள். எடுத்தால் கேள்வி நீளும்.”

நான் ஏன் இலங்கைப் பேச்சை எடுக்க வேண்டும்? அதையும் சொல்லிவிடுகிறேன். என் பாட்டனார் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், ஊரில் மழை பொய்த்துப் போன ஒரு வருஷம், கங்காணியோடு மண்டபம் வழியாகக் கப்பலேறி இலங்கை மலைநாட்டுக்குப் போனார். என் தகப்பனார் 1952-இல் டிக்கோயாவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தார். 1974-இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினார். நான் பிறந்தது கோத்தகிரியில். ஆகவே என் பாஸ்போர்ட்டில் இலங்கை என்ற சொல் எங்கேயும் இல்லை. இருப்பது என் இரத்தத்தில்தான். அதைப் பார்க்கும் கருவி எந்த விமான நிலையத்திலும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

விடிகாலையில் இறங்கி, கயிறு கட்டி வளைத்துவிட்ட வரிசையில் ஒரு மணி நேரம் நகர்ந்து நகர்ந்து கண்ணாடிக் கூண்டை அடைந்தேன். உள்ளே இருந்த உத்தியோகஸ்தர் இளைஞர். முகத்தில் கடுமை இல்லை, தூக்கமின்மைதான் இருந்தது. எதற்காக வந்திருக்கிறீர்கள், எத்தனை நாள் இருப்பீர்கள், யார் வீட்டில் தங்குவீர்கள் என்று கேட்டார். அழைப்புக் கடிதத்தைக் காட்டினேன். பாஸ்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். தாய் தந்தையர் பெயர் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்தவர் நிமிர்ந்து, “உங்கள் குடும்பத்தின் பூர்வீகம் எது? உங்கள் தகப்பனார் எங்கே பிறந்தார்?” என்று கேட்டார்.

“இந்தியாவில். திருச்சிராப்பள்ளி ஜில்லாவில்” என்றேன்.

ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. என் நாக்கு அந்தப் பொய்யைப் பல நாள் பயிற்சி செய்து வைத்திருந்ததைப் போல் சொல்லிவிட்டது. முத்திரை விழுந்தது. “நல்வரவு” என்றார் உத்தியோகஸ்தர்.

இரண்டடி நகர்ந்திருப்பேன். “ஐயா, ஓர் உதவி. இந்த அம்மாள் பேசுவது உங்கள் பாஷைதானா?” என்று பக்கத்துக் கூண்டிலிருந்து குரல் வந்தது. திரும்பினேன். எழுபது வயது இருக்கும். கைத்தறிச் சேலை, அதன்மேல் ஆண்பிள்ளைக் கம்பளிச் சட்டை, கையில் ஒரு துணிப்பை. பேத்தி பிறந்திருக்கிறாள், மகளுக்குத் துணையாக வந்திருக்கிறார் என்பது இரண்டு வார்த்தையில் தெரிந்துவிட்டது.

“வாங்க தம்பி. இவரு என்னமோ கேக்குறாரு. எனக்கு விளங்கலே. கொஞ்சம் சொல்லுங்க.”

உத்தியோகஸ்தருடைய சந்தேகம் இதுதான்: பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்; பிறந்த இடம் ஹட்டன் என்று போட்டிருக்கிறது. ஹட்டன் இலங்கையில் இருக்கிறது. இது எப்படி? இவர் குடும்பம் எந்த நாட்டுக் குடும்பம்?

நான் தமிழில் கேட்டேன். அந்த அம்மாள் பையைக் கீழே வைத்துவிட்டு, நின்று நிதானமாகப் பதில் சொன்னார்.

“எங்க பாட்டன் புதுக்கோட்டைச் சீமையிலேருந்து போனவரு. எங்க அப்பன் பொறந்தது தோட்டத்து லயத்துலே. நானும் அதே லயத்துலேதான் பொறந்தேன். எழுபத்தி மூணுலே ஒப்பந்தத்துலே அனுப்பிட்டாங்க. மண்டபம் கேம்ப்புலே கொஞ்ச நாள் வச்சிருந்தாங்க. அப்புறம் நீலகிரியிலே தேயிலை வேலை. அம்புட்டுத்தான் தம்பி. சொல்லுங்க அவருகிட்டே.”

சொன்னேன். ஹட்டனும் டிக்கோயாவும் நடந்து போய் வருகிற தூரம். அந்த அம்மாள் சொன்னதில் புதுக்கோட்டையைத் துறையூர் என்றும், எழுபத்து மூன்றை எழுபத்து நான்கு என்றும் மாற்றினால் அது என் தகப்பனார் கதை. இரண்டு நிமிஷத்துக்கு முன்னால் அடுத்த கூண்டில் நான் விழுங்கிய கதையை, இந்தக் கூண்டில் இன்னொருவர் கதையாக, நல்ல இங்கிலீஷில், ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்துக் கொண்டிருந்தேன்.

உத்தியோகஸ்தருக்குக் குழப்பம் தீரவில்லை. “அப்படியானால் இவர் உண்மையில் எந்த நாட்டைச் சேர்ந்தவர்?” என்றார்.

“எந்தக் கணக்குலே கேக்குறாரு தம்பி? பொறந்த கணக்கா, பொழைச்ச கணக்கா?” என்று அந்த அம்மாள் என்னைக் கேட்டார்.

இதை எப்படி மொழிபெயர்ப்பது? “இந்தியா” என்று மட்டும் சொன்னேன். அன்றைக்கு நான் செய்த இரண்டாவது தப்பு அது.

மேலதிகாரி ஒருவர் வந்தார். கடிதம், தொலைபேசி என்று ஏதேதோ நடந்தது. கடைசியில் அந்த அம்மாளை உள்ளே ஓர் அறைக்கு அழைத்துக்கொண்டு போனார்கள். நானும் வருகிறேன் என்றேன். தொலைபேசியிலே மொழிபெயர்ப்பாளர் கிடைப்பார், நீங்கள் போகலாம் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். பொய் சொன்னவன் வெளியே போகலாம். உண்மை சொன்னவர் உள்ளே போக வேண்டும். உலக நடப்புதான் என்றாலும், அதை இவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

நான் போகவில்லை. பெட்டிகள் சுற்றி வருகிற இடத்தில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். வெளியே காத்திருந்த விழாக் காரியதரிசிக்குப் போன் செய்து, “பெட்டி இன்னும் வரவில்லை” என்றேன். பெட்டி என் காலடியில் இருந்தது. ஒரு பொய் சொன்னவனுக்கு மூன்றாவது பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது, பாருங்கள்!

அந்தப் பெஞ்சில் யோசித்தது கொஞ்சம். ஊர் திரும்பிய பிறகு யோசித்தது கொஞ்சம். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில், நான் ஏன் பொய் சொன்னேன்? தமிழில் எனக்கு ஒரு நல்ல சால்ஜாப்பு இருந்தது. ‘சொந்த ஊர்’ என்று நாம் சொல்வது பிறந்த ஊரை அல்ல, முன்னோர்கள் ஊரை. அந்தக் கணக்கில் என் தகப்பனாருக்குச் சொந்த ஊர் துறையூர்ப் பக்கம்தானே? ஆனால் உத்தியோகஸ்தர் அதை மட்டும் கேட்டு நிறுத்தவில்லை. எங்கே பிறந்தார் என்றும் கேட்டார். நான் மறைத்தேன். பயத்தினால் மறைத்தேன். அந்தப் பயம் என்னோடு பிறந்தது அல்ல, அப்பாவிடமிருந்து வந்தது.

அந்தப் பயத்துக்குச் சரித்திரம் இருக்கிறது. இலங்கை மலைகளில் முதலில் காப்பி, 1867-லிருந்து தேயிலை. காடு வெட்டவும் கொழுந்து கிள்ளவும் ஆள் வேண்டியிருந்த காலத்தில், கடலைத் தாண்டி வந்தவர்களிடம் “உன் பாட்டன் எங்கே பிறந்தான்?” என்று எந்தச் சட்டமும் கேட்கவில்லை. இரண்டு கை இருக்கிறதா என்று பார்த்தார்கள், அவ்வளவுதான். பிறகு ஓட்டு வந்தது. 1947-ஆம் வருஷத் தேர்தலில் தோட்டத் தொழிலாளிகளின் ஓட்டு சிலோன் இந்தியன் காங்கிரஸ்காரர்கள் சிலரைப் பார்லிமெண்டுக்கு அனுப்பியது. மறு வருஷம், சுதந்திரம் வந்த அதே 1948-இல், பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. அந்த வருஷம் நவம்பர் 15-க்கு முன்னால் அங்கே பிறந்தவர் ஒருவர் பிரஜை ஆக வேண்டுமானால், தம் தகப்பனாரும் அங்கே பிறந்தவர் என்று காட்ட வேண்டும். இல்லையேல் தகப்பன் வழிப் பாட்டனாரும், பாட்டனாரின் தகப்பனாரும் அங்கே பிறந்தவர்கள் என்று காட்ட வேண்டும். அதற்குப் பின்னால் பிறந்த குழந்தைக்கோ, தகப்பன் பிரஜையாக இருந்தால்தான் உண்டு.

லயத்துக் காம்பராவில், மருத்துவச்சி கையில் பிறந்தவன் தன் தகப்பனுடைய பிறப்புச் சான்றிதழுக்கு எங்கே போவான்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடில்லாதவர்களாக ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டும் போயிற்று. 1964 அக்டோபரில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டார்கள். அங்கே மிஞ்சியிருந்தவர்களின் சங்கடம் தீர 2003-ஆம் வருஷத்துச் சட்டம் வர வேண்டியிருந்தது. பாட்டன் பிறந்த ஊர் எது என்ற ஒரு கேள்விக்கு 55 வருஷம் பதில் எழுதியிருக்கிறார்கள்!

என் தகப்பனார் அந்த 5,25,000-இல் ஒருவர். அங்கே இருந்தவரை அவரைத் ‘தோட்டக்காட்டான்’ என்றார்கள். இங்கே வந்த பிறகு ‘சிலோன்காரன்’ என்றார்கள். ரேஷன் கார்டுக்கு, பள்ளிக்கூடச் சேர்க்கைக்கு, பாங்கிக் கடனுக்கு என்று எந்த ஆபீஸுக்குப் போனாலும் அவர் முதலில் என்னிடம் சொல்வது, “கேட்டதுக்கு மேலே வாயைத் திறக்காதே” என்பதுதான். நண்பர் சொன்ன அதே புத்திமதி. ஆனால் அப்பாவும் பொய் சொன்னதில்லை. பிறந்த ஊர் என்ற இடத்தில் ‘டிக்கோயா’ என்று எழுதிவிட்டு, ஆபீஸர் முகத்தைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அவரைவிடக் கொஞ்சம் அதிகம் படித்தவன். ஆகவே கொஞ்சம் அதிகமாகப் பயந்தேன்.

இரண்டாவது: அநியாயமான கேள்விக்குப் பொய்ப் பதில் சொன்னால் அது தப்பா? ஜெர்மானியத் தத்துவஞானி காண்ட் 1797-இல் இதைப்பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கொலைகாரன் வந்து, “உன் சிநேகிதன் உள்ளே இருக்கிறானா?” என்று கேட்டால்கூடப் பொய் சொல்லக் கூடாது என்பது அவர் கட்சி. நம் வள்ளுவர் அவ்வளவு கடுமையானவர் அல்ல. குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யையும் மெய்யின் வரிசையில் உட்கார வைக்கலாம் என்று இடம் கொடுத்தவர். நான் வள்ளுவர் பக்கம்தான். ஆனால் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து என் பொய்யை அவருடைய தராசில் நிறுத்துப் பார்த்தேன். யாருக்கு நன்மை? யாருடைய உயிரைக் காப்பாற்றினேன்? என் அரை மணி நேரத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். சிநேகிதனைக் காப்பாற்றப் பொய் சொல்வது ஒன்று. தகப்பன் பிறந்த இடத்தை இல்லையென்று சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது வேறொன்று. இதற்கு வள்ளுவரிடத்திலும் இடம் இல்லை.

மூன்றாவது: அந்தக் கேள்வி அநியாயம்தானா? உத்தியோகஸ்தர் பக்கத்தையும் பார்க்க வேண்டும் அல்லவா? 1914-க்கு முன்னால் ஐரோப்பாவில் பல எல்லைகளைப் பாஸ்போர்ட் இல்லாமலே தாண்டினார்கள். அப்படி இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வந்ததை ஆஸ்திரிய எழுத்தாளர் ஸ்டீபன் ஸ்வைக் தம் நினைவுகளில் பதிந்திருக்கிறார். முதல் உலக யுத்தம் அந்தக் கதவைச் சாத்தியது. யுத்தம் முடிந்த பிறகு திறக்கவில்லை. 1920-இல் சர்வதேச சங்கம் பாரிஸில் மகாநாடு கூட்டிப் பாஸ்போர்ட்டுக்கு ஒரே மாதிரி அமைப்பைச் சொன்னது. இன்றைக்கு வாசலில் காவல் வைக்காத நாடு இல்லை. வீட்டுக்காரன், வருகிறவனைப் பார்த்து, “யார் நீ? எதற்கு வந்தாய்? எப்போது போவாய்?” என்று கேட்பது நியாயமே. கள்ளப் பாஸ்போர்ட்டும் உலகத்தில் உண்டு. அந்த இளைஞர் கேட்கவில்லையென்றால் அவருக்கு உத்தியோகம் போய்விடும்.

ஆனால் கேள்வியில் இரண்டு ஜாதி இருக்கிறது. ‘நீ என்ன செய்தாய், என்ன செய்யப் போகிறாய்?’ என்பது ஒன்று. அதற்கு நான் பொறுப்பு. பதில் சொல்லக் கடமைப்பட்டவன். ‘உன் பாட்டன் எங்கே பிறந்தான்?’ என்பது இன்னொன்று. பாட்டன் என்னைக் கேட்டுக்கொண்டு பிறக்கவில்லை. என் கைக்கு எட்டாத ஒன்றை வைத்து என்னை நிறுக்கும்போதுதான் கேள்வி அநியாயம் ஆகிறது.

இதற்குப் பெரிய நாடுகளும் விலக்கு அல்ல. கென்யாவில் குடியேறிய இந்திய வம்சத்தவர் பலரிடம் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அதை நம்பி அவர்கள் லண்டனுக்கு வரத் தொடங்கியதும், 1968-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு மூன்றே நாளில் ஒரு சட்டம் நிறைவேற்றியது. பாஸ்போர்ட் மட்டும் போதாது. தாமோ, தாய் தந்தையரில் ஒருவரோ, பாட்டன் பாட்டியரில் ஒருவரோ பிரிட்டனில் பிறந்தவராகவோ அங்கே பிரஜாவுரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்றது. ஒரே அரசாங்கம், ஒரே அட்டை. உள்ளே வர மட்டும் பாட்டன் தயவு வேண்டும்! நுழைய முடியாமல் விமான நிலையத்துக்கு விமான நிலையம் அலைக்கழிக்கப்பட்டவர்கள் உண்டு. இப்படிச் செய்தது மனிதரை இழிவுபடுத்துவது என்று 1973-இல் ஐரோப்பிய மனித உரிமைக் கமிஷன் முடிவு சொன்னது.

பிறரைச் சொல்லிவிட்டு நம்மைச் சொல்லாமல் விடக் கூடாது. இந்தியாவுக்கு வர விசா கேட்கிற விண்ணப்பத்தில், உங்கள் தாய் தந்தையரோ பாட்டன் பாட்டியரோ பாகிஸ்தான் பிரஜைகளா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அரசாங்கத்துக்கு அதற்குக் காரணங்கள் இருக்கும். இருந்தாலும், எங்கோ பிறந்து வளர்ந்த ஒரு பெண், தாஜ்மகாலைப் பார்க்க ஆசைப்பட்டவள், தான் கண்டிராத பாட்டிக்காக ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தி யோசிக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கும் என்னைப்போல் ஒரு நண்பர், “அதை எழுதாதே, கேள்வி நீளும்” என்று புத்தி சொல்லியிருப்பார்.

அரசாங்கங்களை விடுங்கள். என் வீட்டு மாடியை இரண்டு வருஷத்துக்கு முன்னால் வாடகைக்கு விட்டேன். ஓர் இளைஞர் மனைவியோடு வந்து பார்த்தார். பிடித்திருந்தது. முன்பணமும் பேசி முடித்தோம். பேச்சோடு பேச்சாக, “பூர்வீகம் எந்தப் பக்கம்?” என்று கேட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், கெட்ட எண்ணம் இல்லை. அவர் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்தது. மிக வேகமாக ஓர் ஊர்ப் பெயரைச் சொன்னார். பெரிய ஊர், எல்லோரும் இருக்கிற ஊர், அதைக் கேட்டு எதையும் தெரிந்துகொள்ள முடியாத ஊர். மறு நாள், வேறு வீடு பார்த்துவிட்டோம் என்று செய்தி அனுப்பினார். ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. கண்ணாடிக் கூண்டின் முன்னால் ‘திருச்சிராப்பள்ளி ஜில்லா’ என்று நான் சொன்ன வேகம்தான் அவர் சொன்ன வேகம். எத்தனை வீட்டு வாசலில் நின்ற பிறகு அந்த வேகம் அவருக்கு வந்திருக்கும்? முத்திரைக் கட்டை என் கையில் இருந்தது. அது எனக்குத் தெரியவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

ஒரு மணி நாற்பது நிமிஷம் கழித்து அந்த அம்மாள் வெளியே வந்தார். தோளில் துணிப்பை, முகத்தில் களைப்பு. நான் எழுந்து போய்ப் பெட்டியை எடுத்துக் கொடுத்தேன்.

“அடடா, நீங்க இன்னும் போகலியா தம்பி?”

“உங்களை ரொம்ப நேரம் வைத்துவிட்டார்களே அம்மா. சிரமப்படுத்தினார்களா?”

“சிரமம் என்ன? நாற்காலி போட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. போன்லே ஒரு பொண்ணு தமிழ் பேசுச்சு. அப்பன் பேரு, பாட்டன் பேரு, எந்தத் தோட்டம், எந்த வருஷம் கப்பலேறுனீங்கன்னு கேட்டதையே மூணு வாட்டி கேட்டாங்க. நானும் மூணு வாட்டி சொன்னேன்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: “எங்க பாட்டன் பேரை வாய்விட்டுச் சொல்லி எத்தனையோ வருஷம் ஆச்சு தம்பி. எம் புள்ளைங்ககூடக் கேட்டதில்லே. அந்த ஆபீசரு கம்ப்யூட்டர்லே தப்பா அடிச்சுட்டாரு. அந்தப் பொண்ணுகிட்டே எழுத்துக் கூட்டிச் சொல்லித் திருத்தி அடிக்க வச்சேன். பாவம், திருத்திட்டாரு.”

நான் சும்மா நின்றேன். என்னவென்று சொல்வது? அதே கேள்வி எனக்கும் வந்தது. என் பாட்டனாரை நான் அழித்தேன். இவர் தம் பாட்டனாரை அந்நிய ராஜ்யத்தின் ஏட்டில் பிழையில்லாமல் எழுத வைத்துவிட்டு வருகிறார். கேள்வி நியாயமானதா என்று அவர் விசாரித்ததாகத் தெரியவில்லை. பதில் தம்முடையது என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எல்லோரும் அப்படி இருக்க வேண்டும் என்று நான் உபதேசிக்க மாட்டேன். அந்த அம்மாளுக்கு அன்றைக்குத் தண்ணீர் கிடைத்தது; நாற்காலி கிடைத்தது. உண்மை சொன்னதற்காக விலங்கு கிடைத்தவர்களும், அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். உயிருக்குப் பயந்து ஊரை மறைக்கிறவனை நான் குறை சொல்லத் துணிய மாட்டேன். அவனுடைய பொய்க்கு, கேட்டவன்தான் கணக்குச் சொல்ல வேண்டும். ஆனால் என்னைப்போல், வரிசை சீக்கிரம் நகர வேண்டும் என்பதற்காக முன்னோரை விற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நம்முடைய அந்தச் சின்னப் பொய்களால்தான், உண்மை சொல்கிற ஒருவர் எப்போதும் தனியாக உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஹட்டன் என்ற பெயர் அந்தக் கூண்டுகளுக்குப் பழகிப் போயிருந்தால், அந்த இளைஞர் அவ்வளவு குழம்பியிருக்க மாட்டார். அந்தப் பெயரைப் பழக்கப்படுத்த வேண்டியவர்களில் நானும் ஒருவன். எனக்கு முந்திக் கிடைத்த சந்தர்ப்பத்தை நான் தவறவிட்டேன்.

கூட்டத்தில் மாலை போட்டார்கள், பேசினேன். எதைப்பற்றிப் பேசினேன் என்று கேட்காதீர்கள். ‘இலக்கியத்தில் உண்மை’ என்று அழைப்பிதழில் அச்சடித்திருந்தார்கள்.

ஊர் திரும்பியதும் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் பொய்யையும் சொன்னேன். அம்மாவும் மலைநாட்டில் பிறந்தவள்தான். பத்து வயதில், ஸ்டேஷன் முழுக்க அழுதுகொண்டு நிற்க, கோச்சி ஏறி வந்தவள். அப்பா காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. என் பொய்யைக் கேட்டதும் என்ன சொல்வாளோ என்று காத்திருந்தேன். அதை அவள் கவனித்ததாகவே தெரியவில்லை.

“அந்தப் பொம்பளை ஹட்டன்லே எந்தத் தோட்டமாம்?” என்றாள்.

தோட்டத்தின் பெயர் அந்த அம்மாள் உள்ளே போன பிறகு சொன்னது. எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“ரெண்டு மணி நேரம் அங்கேயே உக்காந்திருந்தியே, கேக்கத் தோணலியா உனக்கு? மேல் டிவிசனா, கீழ் டிவிசனா, யாரு மகன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, நமக்குத் தெரிஞ்சவங்களா இருந்திருப்பாங்களே!”

அதே கேள்விதான். எந்த ஊர், யார் வீடு, யார் பிள்ளை. ஆனால் அம்மா அதைக் கேட்டபோது, அடுப்பில் காப்பிக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, இன்னொரு ஆளுக்கும் சேர்த்து வைத்தவளைப்போல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.